இவளைச் சும்மா விடாதீர்கள்

பட்டதாரி அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் கூரையிலிருந்து ஒரு வயலின் அவளைச் சந்தேகப்பட்டது.

மேல்மாடியில் யாரோ வாசித்துப் பழகுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். நின்றாள், வயலினும் நின்றது. நடந்தாள், அதுவும் பம்மிப் பம்மிப் பின்னால் வந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவரிடம், "விசாரணைக்கு வந்திருக்கேன்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு அடியில் வயலின் இழுத்த இழுப்பில், எங்கேயோ ஒரு பிணத்தைப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவாமல் வந்துவிட்டோமோ என்று அவளுக்கே ஐயம் வந்தது. வரவேற்பாளரும் அவள் கைகளைத்தான் பார்த்தார்.

பின்னணி இசை மாண்புக் காப்பு வாரியம் என்பது அந்த இடத்தின் பெயர். திரைப்படங்களின் பின்னணி இசைக்கு எவரும் கெடுதல் செய்துவிடாமல் காப்பது அதன் வேலை. காக்கிறவர்களே இசையில்லாமல் நடமாடினால் மரியாதையாக இருக்காது என்பதால் அறைக்கு அறை கூரையில் ஒலிபெருக்கி. தலைவர் நடந்தால் எக்காளம். செயலாளர் கோப்பைத் திறந்தால் வீணை. விசாரிக்கப்படுகிறவர் மூச்சு விட்டால் வயலின். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அவர் கேட்டுப் பார்த்ததற்கு, இன்னும் ஒதுக்கீடு வரவில்லை என்று சொன்னார்களாம்.

பட்டதாரி என்பது அவள் பெயர் இல்லை. பட்டம் வாங்கியதால் வந்த பட்டப்பெயர். அவள் பரம்பரையில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்தது கிடையாது, சுவருக்கு வெள்ளையடிக்கப் போன பெரியப்பாவைத் தவிர. ஆகவே அப்பா தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்றே, "பட்டதாரி, கதவைச் சாத்து" என்பார். அக்கா வீட்டுக்காரர் அதே வார்த்தையை வேறு மாதிரிச் சொல்வார். "என்ன பட்டதாரி, சோத்துக்கு உப்பு போடத் தெரியுமா?" வார்த்தை ஒன்றுதான். பின்னணி இசைதான் வேறு.

அவள் கையில் வாரியத்தின் அழைப்பாணை இருந்தது. ஒரு விண்வெளிப் படத்தின் பின்னணி இசையைக் கணினி கொண்டு அகற்றி, அதனிடத்தில் தகாத ஒலிகளைப் பதித்ததாக அவள்மேல் தொலைபேசியில் புகார் வந்திருக்கிறது. புகார்தாரர் அவள் பெயர், வீட்டு முகவரி, வேலை பார்க்கும் மருத்துவமனை எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முடிவில், "இவளைச் சும்மா விடாதீர்கள்" என்று மன்றாடியிருக்கிறார்.

குற்றம் உண்மைதான். அதை அவள் மறுக்கவில்லை. அப்பா தகடு வெட்டும் பட்டறையில் காதைக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவர். இப்போது காது மிஷின். கல்யாணத்துக்கு முன் தியேட்டரில் பார்த்த ஒரு விண்வெளிப் படத்தின்மேல் அவருக்குத் தீராத ஆசை, ஏனென்றால் அதில் கதாநாயகன் தளபதி அல்ல, மெக்கானிக். விண்கலத்தின் வெளியே ஒரு நட்டு கழன்றுவிடும். ஸ்பானரும் கையுமாக அவன் தன்னந்தனியாக வெளியே வருவான். அப்போது ரேடியோவில் அவனுடைய சின்ன மகள் என்னவோ கேட்பாள். என்ன கேட்கிறாள் என்பது எவருக்கும் தெரியாது, அந்த இடத்தில் உலகத்து எக்காளம் அத்தனையும் ஒன்றுகூடி முழங்கும். அப்பாவின் காது மிஷினோ அந்த முழக்கத்துக்குக் கீச்சென்று கத்தும். அவர் அதைக் கழற்றுவார். படம் ஊமையாகிவிடும்.

பட்டதாரிக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவள் எதையாவது கழற்றுவாள். இணையத்தில் ஃபேன் எடிட் செய்கிற கூட்டம் ஒன்று உண்டு. பிடித்த படத்தை எடுத்து, பிடிக்காத இசையைத் தூக்கிவிட்டுத் தாங்களே வேறு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தன் வேற்றுக்கிரகப் படையெடுப்புக்குத் தாலாட்டு போட்டிருந்தான்; பார்த்தால் படையெடுத்தவர்கள்மேல் பாவமாக இருந்தது. அவர்களிடம் வித்தையைக் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்த நேரங்களில் உட்கார்ந்து, குரலையும் இசையையும் பிரித்தாள். இயந்திர அறைக்கு அம்மாவின் தையல் மிஷின் ஓசையைப் போட்டாள். புயலுக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். மெக்கானிக் வெளியே வருகிற கட்டத்தில் எக்காளங்களை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். அப்போதுதான் கேட்டது. அந்தச் சின்னப் பெண் ரேடியோவில், "சாப்பிட்டியாப்பா?" என்கிறாள்.

இவ்வளவுதான் நடந்தது. இதற்காகத்தான் மருத்துவமனையில் அவள் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு நின்றுபோயிருந்தது.

அங்கே காது பரிசோதிக்கும் அறையில் தற்காலிக ஊழியர் அவள். சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் நோயாளியை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வது வேலை. அழைப்பாணையின் நகல் அங்கேயும் போயிருந்தது. மேலாளர் கூப்பிட்டு மேசைக்கு எதிரே நிற்கவைத்தார்.

"நாங்க உன்னைச் சந்தேகப்படலம்மா. ஆனா சந்தேகத்துல இருக்கற ஆளை வெச்சுக்கிட்டா எங்களைச் சந்தேகப்படுவாங்க இல்லையா? வாரியத்துகிட்ட இருந்து 'குற்றமற்றவர்'னு எழுதி வாங்கிட்டு வா. மறுநாளே நிரந்தரம். வரலைன்னா, வேற ஆளைப் பாத்துக்குவோம்."

வேற ஆள் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அதே அறையில் வேலை பார்க்கும் சீனியர் அம்மாவுக்கு வேலை இல்லாத ஓர்ப்படி மகள் இருந்தாள். அன்று மத்தியானம் சீனியர் அம்மா வழக்கத்துக்கு மாறாக, "முகம் வாடியிருக்கே, ஏன்டி?" என்று கேட்டார். பட்டதாரிக்கு அந்தப் பரிவுக்கு அடியில் ஏதோ இழுபடுவது கேட்டது.

வாரியத்தின் காத்திருப்பு அறையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். படத்தில் ஒரு சர்வாதிகாரி சாகும் காட்சிக்குக் குத்துப்பாட்டு போட்ட வழக்கு.

"இங்க ஒரு விதி இருக்கும்மா" என்றார் அவர். "நமக்கு எதிரா சாட்சி சொல்லும்போது, அவங்க பதிவேட்டுல இருக்கற எந்த இசையை வேணும்னாலும் பின்னாடி போடச் சொல்லலாம். அது நம்ம உரிமையாம்."

"நீங்க கேட்டீங்களா?"

"சோகப் புல்லாங்குழல் கேட்டேன். போட்டாங்க. அது அழுத அழுகையில நானே குத்தவாளின்னு எனக்கே தோணி ஒத்துக்கிட்டேன்."

விசாரணை அறையில் உயரமான மேசைக்குப் பின்னால் தலைவர். பக்கத்தில் செயலாளர் அம்மாள், தட்டச்சு செய்தபடி. மூலையில் ஒரு மேடை, அதில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள், அதற்கு முன்னால் ஒருவர். பொத்தான்காரர் என்றே அவரைக் கூப்பிட்டார்கள். யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்களுக்குரிய இசையை அழுத்துவது அவர் உத்தியோகம். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை; இருந்ததையெல்லாம் பொத்தானுக்குக் கொடுத்துவிட்டார் போலிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். எக்காளம் முழங்கியது.

"இசை என்பது கட்டளை. அழு என்று சொன்னால் அழ வேண்டும். நிமிர் என்று சொன்னால் நிமிர வேண்டும். ரசிகருக்குச் சொந்தமாக உணர்ச்சி வந்துவிட்டால் பிறகு நாங்கள் எதற்கு?" கொஞ்சம் நிறுத்தி எக்காளத்துக்கு இடம் கொடுத்தார். "நீங்கள் கைவைத்திருக்கும் காட்சியைப் பற்றி நான் தடிமனாக ஒரு நூல் எழுதியிருக்கிறேன். எக்காளத்தின் அடியில் அச்சிறுமி தந்தையிடம் சொல்வது என்ன? 'மானுடமே, அஞ்சாதே' என்கிறாள். என் செவிக்குக் கேட்கவில்லை. ஆனால் உணர்ந்தேன்."

"அது 'சாப்பிட்டியா' சார்" என்றாள் பட்டதாரி. அதற்குள் எக்காளம் எழுந்துவிட்டது.

"எக்காளங்களை அகற்றிவிட்டு அங்கே என்ன போட்டீர்கள்?"

"அங்க ஒண்ணும் போடல சார். சும்மா விட்டுட்டேன்."

வயலின் நெளிந்தது. செயலாளர் அம்மாள் தட்டச்சினார். "சும்மா. என்ன வகை? வாத்தியமா, வாய்ப்பாட்டா?"

"வகையெல்லாம் இல்லை மேடம். சும்மா."

"எத்தனை முறை?"

"சும்மா சும்மா எதுக்கு மேடம் அதையே கேக்குறீங்க?"

"இரு முறை" என்று தட்டச்சினார். "யாரிடமிருந்து எடுத்தீர்கள்?"

"எதை?"

"சும்மாவை."

"சும்மாவை யார்கிட்ட மேடம் எடுக்கறது? அது சும்மா கிடக்குது."

"கிடக்கும் இடத்தைத் தெரிவிக்க மறுக்கிறார்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டச்சினார். வீணை ஒலித்தது. தலைவர் பெருமூச்சு விட்டார். அதற்கும் ஒரு சின்ன எக்காளம் இருந்தது.

"புகார் குடுத்தது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றாள்.

"புகார்தாரரின் அடையாளம் புனிதமானது" என்றார் செயலாளர். "எங்கள் தொலைபேசியில் புகாருக்கு எண் ஒன்று. மக்கள் எங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்றால், இதுவரை வேறு எண் வைக்க வேண்டிய தேவையே எழவில்லை."

வீட்டுக்கு வந்தவளுக்குக் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் புகார்தாரர்களாகத் தெரிந்தார்கள். இசையில்லாத இடத்திலும் வயலின் கேட்டது. அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "யாருகிட்டயாவது பெருமை அடிச்சியா?" என்றாள். பட்டதாரி யோசித்தாள். படத்தைப் பார்த்தது வீட்டில் அப்பா, அம்மா. அப்புறம் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய் மறுநாளே திருப்பிக் கொடுத்தார் அவர். கடன் வாங்கிய குடையை இரண்டு வருஷமாக வைத்திருக்கிற மனுஷர், பென் டிரைவை மறுநாளே கொடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

அவர் வந்ததும் கேட்டேவிட்டாள். "மாமா, வாரியத்துக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"எந்த வாரியம்? கரண்டு வாரியமா?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க."

"இங்க பாரு பட்டதாரி, உன்மேல புகார் சொல்லணும்னா உன் முகத்துக்கு நேரா சொல்லுவேன். சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். அதுக்கு ஒரு ஃபோன் செலவு எதுக்கு?"

பதில் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

அப்பாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. வரப்போகும் வேலை உத்தரவைப் பக்கத்துக் கடைக்காரர் வரை சொல்லிவைத்திருக்கிற மனிதர். வாரியத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் உரக்கச் சொன்னாள். "கூப்பிட்டுட்டாங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். "மறுபடி எப்பப் போகணும்? நல்ல துணியாப் போட்டுக்கோ." தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பாவம், விஷயம் காதில் விழாத மனிதருக்கு உலகம் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த விசாரணைக்கு வல்லுநர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவளுடைய எடிட்டில் அந்தக் காட்சியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். வல்லுநர் கண்ணை மூடினார். மெக்கானிக் விண்கலத்திலிருந்து வெளியே வந்தான். ஒரு சத்தமும் இல்லை. வல்லுநரின் தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. பட்டதாரி அந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருந்தாள். காது பரிசோதனைப் பெட்டிக்குள் சிலர் இப்படித்தான்: ஒலியே அனுப்பாத நேரத்திலும் பொத்தானை அழுத்துவார்கள். கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கம்.

"முதலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை" என்றார் வல்லுநர். "அதை வெளியே சொல்லத் தயக்கமாக இருந்தது. இத்தனை ஆண்டு வல்லுநராக இருந்துவிட்டு எப்படிச் சொல்வது? பிறகு மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கிவிட்டது. சும்மா சாதாரணப் படைப்பு அல்ல. ஏறுகிற ஆரோசையில் அடக்கம். இறங்குகிற அமரோசையில் அதைவிட அடக்கம். இதை இந்தப் பெண் செய்திருக்க வாய்ப்பில்லை. இது யாரோ ஒரு மேதையின் படைப்பு. திருடப்பட்டிருக்கிறது."

மேதையைத் தேடி வாரியம் அறிவிப்புக் கொடுத்தது. தேடினால் கிடைக்காதா? இன்னொரு நாள் அவளை மறுபடி அழைத்து எதிரே ஒருவரை நிறுத்தினார்கள். மேதையின் வாரிசு. கண்ணில் ஈரம், அதற்கேற்ற சாரங்கி.

"எங்க தாத்தா கடைசிவரைக்கும் சும்மாவேதான் இருந்தார் சார். வேலை வெட்டி இல்லாம கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். எங்க பாட்டி அவரைத் திட்டாத நாளே இல்லை. இப்பத்தானே தெரியுது, அத்தனை வருஷமா இசையமைச்சிட்டு இருந்திருக்கார்."

தலைவர் எழுந்து நின்று மறைந்த மேதைக்கு எக்காள அஞ்சலி செலுத்தினார். 'சும்மா' அன்றே வாரியப் பதிவேட்டில் முறைப்படி ஏறியது: இயற்றியவர் – வாரிசின் தாத்தா; தன்மை – அடக்கம்; அளவு – ஆராயப்படுகிறது. பட்டதாரியின் குற்றமும் உயர்த்தப்பட்டது. சிதைப்புடன் திருட்டு.

"நான் ஒண்ணுமே போடலைன்னுதான் சார் முதல்லருந்து சொல்றேன்" என்றாள் அவள். வயலின் அந்த வாக்கியத்தின் கழுத்தைப் பிடித்துத் திருகியது.

"திருடியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் செயலாளர். "ஒன்றுமே எடுக்கவில்லை என்று."

மருத்துவமனையில் மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருட்டு என்ற சொல் அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. கடைசி விசாரணை எப்போது என்று கேட்டார். நாளைக்கு என்றாள். "அப்ப நாளைக்கு ஒரு முடிவு தெரிஞ்சுடும்" என்றார். வெளியே நாற்காலியில் ஒரு பெண் புதுக் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ஓர்ப்படி மகளாகத்தான் இருக்க வேண்டும். மரியாதைக்குச் சிரித்தாள். பட்டதாரி அந்தச் சிரிப்பை வீடுவரை சந்தேகப்பட்டுக்கொண்டே போனாள்.

கடைசி விசாரணையில் எல்லோரும் இருந்தார்கள். தலைவர், செயலாளர், வல்லுநர், வாரிசு, பொத்தான்காரர். கூட்டுகிற அம்மா ஓரத்தில் துடைப்பத்துடன்.

"புகார்ப் பதிவை ஒலிபரப்புகிறோம்" என்றார் செயலாளர். "அடையாளம் மறைக்கக் குரல் தடிமனாக்கப்பட்டுள்ளது. கேட்போருக்குப் புரிவதற்காக உரிய இசையும் சேர்க்கப்பட்டுள்ளது. இசையில்லாமல் எதையும் கேட்பது எங்கள் விதிக்குப் புறம்பு. ஆகவே நாங்களும் இதை இப்படித்தான் கேட்டிருக்கிறோம்."

பொத்தான்காரர் அழுத்தினார். வயலின் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் முரசு. இரண்டுக்கும் நடுவில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு தடித்த குரல்: "இவ... வேலை முடிஞ்சு வந்து... வீட்டுல உக்காந்து..." முரசு. "எக்காளத்தையெல்லாம் பிடுங்கிட்டா..." முரசு, முரசு. "நீங்க ஏதாவது செய்யணும் சார்..." வயலின்கள் கும்பலாகக் கிளம்பின. "இவளைச் சும்மா விட்டுடாதீங்க."

பட்டதாரி குரலுக்கு ஆள் தேடினாள். வீட்டுக்குள் வந்து போகிற ஆள்தான். அப்படியானால் மாமாவேதான். இல்லை, சீனியர் அம்மா யாரையாவது பேச வைத்திருப்பாளா? இல்லை, அந்தக் கடைக்காரரா? முரசு அடிக்க அடிக்க ஒவ்வொரு முகமாக வந்து பொருந்தியது. எல்லா முகமும் பொருந்தியதுதான் அவளை உறுத்தியது. எவன் வாயில் வைத்தாலும் பொருந்துகிறது என்றால், பேசுவது ஆள் இல்லை, முரசு.

"மறுபடி போடச் சொல்லுங்க" என்றாள். "நான் கேக்கற இசையோட. அது என் உரிமை."

"புல்லாங்குழலா?" என்றார் செயலாளர்.

"சும்மா போடுங்க."

"சும்மா எப்படிப் போட முடியும்? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

"அதைத்தான் மேடம் சொல்றேன். சும்மா. பதிவேட்டுல இருக்கா இல்லையா?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வல்லுநரைப் பார்த்தார். வல்லுநருக்கு வேறு வழியில்லை. அது இசை இல்லை என்றால் அவர் வல்லுநர் இல்லை. "தாராளமாகப் போடலாம்" என்றார். வாரிசு நாற்காலியை விட்டு எழுந்தார். "தாத்தாவோடது. எல்லாரும் எழுந்து நின்னா மரியாதையா இருக்கும்." எல்லோரும் எழுந்தார்கள்.

பொத்தான்காரர் மேடையை மேலும் கீழும் பார்த்தார். "சார், சும்மாவுக்கு எந்தப் பொத்தான்?"

செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார். பட்டதாரிதான் சொன்னாள். "எல்லாத்துல இருந்தும் கையை எடுத்துடுங்க அண்ணே."

"குரலைத் தடிமனாக்கறதும் ஒரு பொத்தான்தான்மா."

"அதுலருந்தும்தான்."

அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வைக்க அவற்றுக்கு வேறு இடம் தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக மின்விசிறி கேட்டது. யாரோ எச்சில் விழுங்கினார்கள். தலைவரின் வயிறு சின்னதாக உறுமியது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் உரக்க.

"ஹலோ. சார், எனக்குக் காது சரியாக் கேக்காது. நீங்க ஏதாவது பேசினா கோவிச்சுக்காதீங்க, நான்பாட்டுக்குப் பேசிடறேன். ஒண்ணை அழுத்தியிருக்கேன். பாராட்டறதுக்கு அதுதான்னு நினைக்கிறேன். என் பொண்ணைப் பத்தி ஒரு விஷயம். இவ எங்க வீட்டுல முதல் பட்டதாரி. வேலை முடிஞ்சு வந்து, களைப்பா இருந்தாலும், வீட்டுல உக்காந்து அந்த விண்வெளிப் படத்துல இருந்த எக்காளத்தையெல்லாம் பிடுங்கிட்டா. எனக்காகத்தான். அந்தச் சின்னப் பொண்ணு அப்பன்கிட்ட என்ன கேக்குதுன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது சார். இப்பத் தெரிஞ்சுடுச்சு. சாப்பிட்டியான்னு கேக்குது."

பதிவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

"நல்ல வேலை செஞ்சிருக்கா. நீங்க ஏதாவது செய்யணும் சார். ஒரு பட்டயமோ, ஒரு தாளோ, உங்களால முடிஞ்சது. இவளைச் சும்மா விட்டுடாதீங்க. விலாசம் சொல்றேன், எழுதிக்கோங்க."

பட்டதாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக உலகம் முழுவதையும் சந்தேகப்பட்டுவிட்டு, தனக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவரை மட்டும் விட்டிருக்கிறாள்.

தலைவர் பேசியாக வேண்டும். வாயைத் திறந்தார். எக்காளம் வரவில்லை.

"போடுங்கள்" என்றார் பொத்தான்காரரிடம்.

"சும்மா இன்னும் முடியல சார். பதிவேட்டு இசையைப் பாதியில நிறுத்தறது அவமதிப்பு. உங்க விதிதான்."

"எப்போது முடியும்?"

வாரிசு கையைக் கட்டிக்கொண்டார். "எங்க தாத்தா ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டார் சார்."

தலைவர் மறுபடி முயன்றார். "இசை என்பது கட்டளை..." அவருடைய குரல் மெலிசாக, மூக்கால் வந்தது. அந்தக் குரலை அவரே இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை போலும். யாரோ பக்கத்தில் பேசியதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். "மாண்பு என்பது... மாண்பானது..." உட்கார்ந்துவிட்டார். "இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த இடத்தில் எக்காளம் எழும். கைதட்டிவிடுவார்கள். நான் இறங்கிவிடுவேன்."

கூட்டுகிற அம்மா மட்டும் தலையை ஆட்டினார். அவர் இப்படித்தான், இசையில்லாமல், தினமும் வேலை பார்க்கிறார்.

தலைவர் மேசைக்கு மேலாகக் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "உண்மையிலேயே அதையாம்மா கேக்குது அந்தப் பொண்ணு?"

"ஆமா சார்."

"நான் வேற மாதிரி எழுதிட்டேன்."

"தெரியும் சார்."

"பாராட்டுன்னு வந்தா என்ன பண்றதுன்னு எங்களுக்கு விதி கிடையாது" என்றார் செயலாளர் அம்மாள். வீணை இல்லாமல் அவரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்திருந்தார். "புகார் இல்லைன்னா குற்றமும் இல்லை. 'குற்றமற்றவர்'னு ஒரு தாள் மட்டும் குடுக்கலாம்."

"அது போதும் மேடம்."

மின்விசிறிச் சத்தத்தைத் தாங்க முடியாமல் அவசர அவசரமாக முத்திரை குத்தினார்கள். அவள் படியிறங்கும்போதும் சும்மா முடிந்திருக்கவில்லை.

மறுநாள் மேலாளர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரை போலியோ என்று. பிறகு நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அப்பாவிடம் இரண்டையும் நீட்டினாள். வேலை உத்தரவை ஒருமுறை பார்த்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார். வாரியத் தாளைத்தான் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "குற்றமற்றவர். நம்ம குடும்பத்துல யாருக்கும் இப்படி எழுதிக் குடுத்ததில்லை." சுவரில் மாட்டியிருந்த பட்டத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து அளவு பார்த்தார். "எதுக்குக் குடுத்தாங்களாம்?"

"சும்மாதான்ப்பா."

"சும்மா எவன் குடுப்பான்? யாரோ உன்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கணும்." சொல்லிவிட்டு முகத்தைச் சட்டென்று டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். காதோரம் சிரிப்பு தப்பித்துக்கொண்டிருந்தது.

"யாரா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்."

அவள் படத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமாவா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள். "அவர்தான் பென் டிரைவை மறுநாளே குடுத்தார்."

"அவனா? அவனுக்கு ஃபோன்ல ஒண்ணை அழுத்தத் தெரியுமா?"

"ஒண்ணை அழுத்தணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. அதற்குள் மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டிருந்தார். மெக்கானிக் ஸ்பானரோடு வெளியே வருகிற கட்டத்தில் மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டார்.